கை காட்டியும் நிற்காத வான்

எங்கள் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர்களை ஏற்றி இறக்குகிற சுலோஜனாவின் வானைத் தள்ளாதவர் என்றால் அதிபர் ஒருவர்தான். அவர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், தப்பிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் தள்ளியிருக்கிறோம். செருப்பைக் கழற்றி வானுக்குள் எறிந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, களுவாஞ்சிகுடிச் சந்தியில் சந்தைக்கு வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கணிதம் படிப்பிக்கிற நானும் தள்ளியிருக்கிறேன். என் பெயர் சீதேவி. பெயர் மட்டும்தான் அப்படி, வாய் அப்படியில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது அவருடைய அனுபவம்.

காலை ஆறு மணிக்கு ஆரையம்பதியில் முதல் ஆளாக ஏறுகிறவள் நான். பிறகு சந்திக்குச் சந்தி ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, களுவாஞ்சிகுடியில் மேற்கே திரும்பி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, பழுகாமத்து வயல் வட்டைகளுக்கு நடுவே ஓடி, வெல்லாவெளிக்கு அப்பால் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வான் ஏழேகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கிற அவமானம் ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

வான் சுலோஜனாவின் கணவர் அழகரத்தினத்துடையது. பழைய டொல்பின் வான், டீசல். பதினொரு வருடம் அவர்தான் ஓட்டினார். போன வருடம் மோட்டார் சைக்கிளில் வரும்போது மாடு ஒன்று குறுக்கே பாய்ந்து, விழுந்து, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பிரேக் மிதிக்கிற கால் அது. அதுவரை களுதாவளையில் வீட்டோடு இருக்கிற வெற்றிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சுலோஜனா, நான்கே மாதத்தில் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. "நான் ஓட்டுறன்" என்றாளாம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவளுக்குப் பக்கத்து ஆசனத்தில்தான் இருக்கிறேன். அவ்வளவு நிதானமாகக் கியர் மாற்றுகிற கையை நான் இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்த்ததில்லை.

அழகரத்தினம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிய ஊன்றுகோலோடு வந்து பிள்ளையார் கோயில் சந்தனத்தில் பொட்டு வைத்து, மேலே குங்குமம் தொடுவார். முன்கண்ணாடியில் ஒன்று, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீற்றர்க் கண்ணாடியின் மூலையில் ஒன்று. வேகம் காட்டுகிற முள்ளை மறைக்கக்கூடாது என்றுதான் அந்த மூலை. பழைய பொட்டைத் துடைக்க மாட்டார், சாமிக்கு வைத்ததைத் துடைப்பதாவது. அதன்மேலேயே புதியது. ஒரு வருடச் சந்தனம் அங்கே சுவர்ப் பூச்சுப்போல ஏறிப்போய்க் கிடந்தது. ஓட முடியாத மனிதர் தன் வானைத் தொடுவதற்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது, அதனால் நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

கார்த்திகை மழையோடு தொடங்கியது வில்லங்கம். ஒரு காலை, ஆள் ஏற்றக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் நிறுத்திய வான் மறுபடி ஸ்டார்ட் வரவில்லை. தள்ளினோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும். பெட்டரி செத்துவிட்டது என்று சந்தி கராஜ்காரர் புதுப் பெட்டரி பூட்டினார். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு புதுப் பெட்டரியும் செத்தது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பெட்டரி போலிச் சாமான் என்றார் ஒருவர். வானுக்குக் கண்ணூறு என்றார் இன்னொருவர். அழகரத்தினத்தின் தம்பி வினாயகமூர்த்தி, நெல் ஆலை லொறி ஓட்டுகிறவர், எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ஓட்டுகிற கை சரியில்லை. பொம்பிளை கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாள், அதனால்தான் வான் இழுபடுகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளச்சுக்கும் பெட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க அங்கே ஆளில்லை. நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மூன்றாம் தடவை நாங்கள் எல்லோரும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தோம். அன்று இளம் ஆசிரியர் நிதுர்ஷன், ஏசி போட்ட புது வான் ஒன்று களுவாஞ்சிகுடியிலிருந்து வருகிறது, அதற்கு மாறுவோம் என்றான். என்னைத் தவிர யாரும் மறுக்கவில்லை. இந்தக் கிழமை முடியும்வரை பார்ப்போம், இன்னொரு தடவை வான் நின்றால் திங்கட்கிழமை மாறுவோம் என்று முடிவாயிற்று. செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அழகரத்தினம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், இன்னொரு தரம் நின்றால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடு, நீ தோட்டத்தைப் பார் என்று. அதை அவள் எனக்குச் சொன்னபோது கியரில் இருந்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது. அழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, இன்னும் முழுதாக விடியாத நேரம், நாங்கள் இருவர் மட்டும் குருக்கள்மடம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கூரையில் எரிகிற சின்ன விளக்கைப் பார்க்கச் சொன்னாள்.

"டீச்சர், நான் எக்ஸிலேட்டர மிதிச்சா வெளிச்சம் கூடுது. காலை எடுத்தா மங்குது. பெட்டரிக்கு என்ட கால் தெரியுமா? எஞ்சின் சுத்துறதோட கூடிக் குறையுதெண்டா, பெட்டரிக்கு ஏத்திக் குடுக்கிற சாமான்தான் சரியில்ல. ஓல்டனேட்டர். பெட்டரி வயித்துக்கு இல்லாமக் கிடக்கு, அதப்போய்ச் சோம்பேறி எண்டுறாங்க."

இன்னும் சொன்னாள். மழை பெய்து, வைப்பரும் லைட்டும் போட்டு ஓடிய நாளுக்கு அடுத்த நாள்தான் வான் சாகிறது. வெயில் நாளுக்கு அடுத்த நாள் ஒழுங்காக ஸ்டார்ட் வருகிறது. சிக்னல் போட்டால் டிக் டிக் என்று அடிக்க வேண்டியது, நிறுத்தி நிறுத்தி அடிக்கிறது. ஹோர்ன் சளி பிடித்த ஆள்போலக் கத்துகிறது. ஒவ்வொரு நாளும் என்ன போட்டு ஓடினாள், மறுநாள் எப்படி ஸ்டார்ட் வந்தது என்று மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு நிறுவல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இதைவிட நல்ல நிறுவலை நான் கரும்பலகையில்கூட எழுதியதில்லை.

அப்படியானால் கராஜ்காரரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஓல்டனேட்டர் பழுதென்றால் மீற்றரில் பெட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட் எரியுமே, எரிகிறதா? இல்லை. அப்படியென்றால் ஓல்டனேட்டர் நல்லம், போய் ஓட்டப் பழகு. வினாயகமூர்த்தியும் அதையே பிடித்துக்கொண்டார். சிவப்பு லைட் எரிகிறதா, எரிகிறதா என்று அவளைக் கேட்டுக் கேட்டு வாயடைத்தார்கள். அந்த ஒரு லைட்டில் அவளுடைய முழுக் கணக்கும் உடைந்து போயிற்று. காத்தான்குடியில் வாகன வயரிங் வேலை பார்க்கிற, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மஜீட் நானாவிடம் காட்டிப்பார்க்கலாம் என்றால், அவ்வளவு தூரம் எதற்கு, ஊர் கராஜ் போதாதா என்று வீட்டில் தடை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வட்டைகளில் தண்ணீர் வரம்பு தெரியாமல் நின்றது. காலையில் அம்மாமார் கட்டித் தந்த புட்டும் கூனி இறால் சம்பலும் மிஞ்சியதைப் பின் ஆசனத்தில் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். வெல்லாவெளி தாண்டியதும் வைப்பர் களைத்துவிட்டது. கண்ணாடியில் பாதி ஏறி, நின்று, யோசித்து, இறங்கியது. சுலோஜனா ஹோர்னைத் தொட்டுப் பார்த்தாள். சின்னதாக முனகியது. அவள் வானை ஓரங்கட்டினாள், ஆனால் எஞ்சினை நிறுத்தவில்லை. கழுத்தைத் திருப்பி எல்லோரிடமும் பேசினாள். அதுவரை அவள் எங்களோடு அப்படிப் பேசியதே இல்லை.

"ஒருத்தரும் ஒண்டையும் தொடாதீங்க. ஃபேன், ரேடியோ, போன் சார்ஜ் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. பெட்டரியில கொஞ்சந்தான் கிடக்கு. டீசல் எஞ்சின் ஓடுறத்துக்கு அது காணும். வைப்பரப் போட்டா காணாது. எஞ்சின் நிண்டா மறுகா வராது."

வைப்பர் இல்லாமல் இந்த மழையில் எப்படி ஓடுவது என்று நிதுர்ஷன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். பதில் சொன்னவர் விவசாயம் படிப்பிக்கிற சேர். வெற்றிலை போடாமல் ஒரு பாடவேளை தாங்காத மனிதர். வாயில் போட எடுத்த புகையிலைத் துண்டை வெளியே எடுத்துக்கொண்டு, குடைகூட இல்லாமல் மழையில் இறங்கினார். ஈரக் கண்ணாடியில் புகையிலையை வைத்து மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்தார். அந்தக் காலத்தில் நெல் லொறிக்காரர் எல்லாம் இப்படித்தான் என்றார். நம்பவில்லை நான். ஆனால் துளித்துளியாக நின்ற தண்ணீர், தேய்த்த இடத்தில் சீலை விரித்ததுபோல ஒன்றாக வழிந்து ஓடியது. பாதை தெரிந்தது. இடையில் இரண்டு தடவை மறுபடி இறங்கித் தேய்த்தார். அன்று வீடு போகும்வரை அவர் வாய்க்குப் புகையிலை இல்லை, அதை நாங்கள் இன்றுவரை அவருக்குப் புண்ணியமாகச் சொல்கிறோம்.

பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று வானைப் பக்கவாட்டில் தள்ளியது. களுவாஞ்சிகுடியில் இறங்குகிறவர்கள் வான் உறுமிக்கொண்டு நிற்கவே குதித்து இறங்கினார்கள். வழக்கமாகக் கதவை அடித்துச் சாத்துகிற நிதுர்ஷன் அன்று பூப்போலச் சாத்தினான்.

அடுத்தது களுதாவளை. அவளுடைய ஊர். தூரத்திலேயே தெரிந்தது, வீட்டுப் படலை வாசலில் ஊன்றுகோலோடு அழகரத்தினம், றோட்டோரத்தில் குடையோடு வினாயகமூர்த்தி. களுவாஞ்சிகுடியில் இறங்கிய யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். வினாயகமூர்த்தி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அழகரத்தினமும் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், அங்கால பாக்காதீங்க. நேர பாருங்க," என்றாள் சுலோஜனா. "நிப்பாட்டினா எஞ்சின ஓஃப் பண்ணச் சொல்லுவாங்க. மறுகா சந்தி கராஜ், மறுகா பெட்டரி. நான் காத்தான்குடிக்குப் போறன்."

நான் நேரே பார்த்தேன். வான் அவள் வீட்டு வாசலை, புருஷனை, மச்சானை எல்லாம் கடந்து போயிற்று. ஹோர்ன்கூட அடிக்கவில்லை, அடிக்கவும் முடியாது. அந்தப் பெண் தன் வீட்டைத் தாண்டிப் போன வேகம் முப்பது கிலோமீற்றர்கூட இராது. பத்து நிமிடத்தில் அவளுடைய பைக்குள் போன் கத்தியது. எடுத்தது நான். யார் பேசுகிறார் என்று கேட்காமலே, சுலோஜனா ஓட்டிக்கொண்டிருக்கிறா, ஓட்டுகிறவளைத் தொல்லை பண்ணக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மற்றவர்கள் வழியில் அவரவர் சந்தியில் இறங்கினார்கள். ஆரையம்பதி வந்தது. நான் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தால் ஒன்றும் குறைந்து போகாது. காத்தான்குடிக்குள் நுழைந்ததும் சனமும் ஓட்டோவும் சைக்கிளும். எங்களிடம் ஹோர்ன் இல்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். எட்டாம் வகுப்புப் பொடியன்களை அடக்குகிற தொண்டையை முழுக்கத் திறந்தேன். விலகுங்க, விலகுங்க என்று நான் கத்த, கடைத்தெரு வழிவிட்டது. சுலோஜனா அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மஜீட் நானா கறுத்த மெல்லிய மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கை காட்டிக்கொண்டே வந்தார். அவளைப் பேசவிட்டு முழுவதையும் கேட்டார். வெளிச்சம் கூடிக் குறைவது, மழை நாள் கணக்கு, சிக்னல், ஹோர்ன், எல்லாம். ஒருவரும் அதுவரை அவளை முழுக்கப் பேசவிட்டதில்லை. பிறகு பெட்டரியில் வோல்ட் அளக்கிற மீற்றரின் வயரை வைத்தார். பதினொன்று தசம் நான்கு. எஞ்சின் ஓடும்போது பதினான்குக்குக் கிட்ட நிற்க வேண்டுமாம்.

"ஓல்டனேட்டர்தான், தங்கச்சி. நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. கழட்டிறது மட்டுந்தான் நம்மட வேல," என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "சிவப்பு லைட் எரிஞ்சிருக்கணுமே? நீங்க பாக்கல்லையா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், ஒருநாளும் எரியவில்லை என்றாள். மஜீட் நானா கதவைத் திறந்து மீற்றர்ப் பக்கம் குனிந்தார். மூலையில் ஏறிக் கிடந்த சந்தனத்தை நோக்கி விரலை நீட்டினார். பிறகு நீட்டிய விரலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது சாமிக்கு வெச்சது, நான் தொடப்படாது. நீங்களே அந்த மூலையக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க."

சுலோஜனா நகத்தால் சுரண்டினாள். சந்தனம் வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. ஒரு வருட வெள்ளிக்கிழமைகள் அவள் மடியில் விழுந்தன. கடைசி வில்லை விழுந்ததும் உள்ளேயிருந்து அது பார்த்தது, சின்னச் சதுரமாக, பெட்டரிப் படம் போட்டு, இரத்தச் சிவப்பில். எத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்ததோ.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாலும் தண்ணீர் வந்தது, அது வேறு. நான் மட்டும் என்ன, கடைக்கு முன்னால் நின்று கைதட்டினேன். சாமான் வாங்க வந்த ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்டார். எங்கள் கணக்குச் சரியாக வந்துவிட்டது என்றேன்.

ஓல்டனேட்டரைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே இருக்கிற இரண்டு காபன் துண்டும் நகக் கனத்துக்குத் தேய்ந்து போயிருந்தன. முட்டியும் முட்டாமலும் நின்றபடியால்தான் ஒருநாள் ஏற்றி, ஒருநாள் ஏற்றாமல் ஏமாற்றியிருக்கிறது. புதுக் காபன் போட்டு, பெல்ட்டை இறுக்கி, பெட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினார். பதினான்கு தசம் ஒன்று. லைட் போட்டாலும் அசையவில்லை, வைப்பர் போட்டாலும் அசையவில்லை.

ஐந்து மணிக்குக் களுதாவளையில் அவளுடைய வாசலில் வான் நின்றது. நானும் கூடவே போனேன். அதைப் பார்க்காமல் விட்டால் எனக்கு அன்றிரவு சோறு இறங்கியிராது. மழை விட்டிருந்தது. வினாயகமூர்த்தி சாவி வாங்கிக்கொண்டு போகத் தயாராகக் கதிரையில் இருந்தார். அழகரத்தினம், கை காட்டியும் நிற்காமல் போனாயே, அவ்வளவு திமிரா என்று தொடங்கினார். சுலோஜனா எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கொண்டுபோய் வினாயகமூர்த்தியின் கையில் வைத்தாள்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்."

அவர் ஏறினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட் எரிந்தது. எஞ்சின் ஒரே பிடியில் உறுமியது. லைட் அணைந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்தீங்களா, ஓடத் தொடங்கினதும் அது போக வேண்டும், போகாவிட்டால்தான் வானுக்கு ஏதோ வருத்தம் என்று வெளியே நின்று சொன்னாள். நிறுத்தி மறுபடி போடச் சொன்னாள். ஐந்து தடவை போட வைத்தாள். லைட், வைப்பர், ஹோர்ன் எல்லாம் ஒன்றாகப் போடச் சொன்னாள். ஹோர்ன் அடித்த அடியில் வெற்றிலைக் கொழுந்தில் இருந்த குருவியெல்லாம் கிளம்பியது. வினாயகமூர்த்தி கீழே இறங்கி, தலையைக் குனிந்து, சரிதான் என்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குச் சொன்னார்.

பிறகு அவள் கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்துக் கணவன் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் தேய்ந்த காபன், மறுபக்கம் சந்தன வில்லைகள். அழகரத்தினம் வில்லை ஒன்றை எடுத்துத் திருப்பினார். கண்ணாடி பட்டிருந்த பக்கம் வழவழவென்று இருந்தது. எழுந்து ஊன்றுகோலைப் பிடித்து வான் வரை நடந்து போய், சுரண்டிய மூலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான்தானா மறைச்சு வெச்சிருக்கன்?" என்றார்.

"நீங்க சாமிக்கு வெச்சீங்க," என்றாள். "ஆனா அது எரிஞ்சதும் மெய், நான் சொன்னதும் மெய்."

அவர் வில்லைகளைப் பொட்டலத்தில் மறுபடி மடித்து வைத்தார். பிறகு தம்பியின் பக்கம் கையை நீட்டி, சாவியைக் கொடு என்றார். வினாயகமூர்த்தி எழுந்து அண்ணனின் உள்ளங்கையில் வைக்கப் போனார். அழகரத்தினம் கையை மூடிக்கொண்டார்.

"எனக்கில்லடா. அவக்கிட்டக் குடு. என்ட கையால குடுத்தா நான் குடுத்ததாப் போயிரும். நீ சொன்ன கதைக்கு நீதான் குடுக்கணும்."

அழகரத்தினத்தின் மேல் எனக்கு ஒரு வருடமாக இருந்த கோபம் முழுக்க அந்த இடத்தில் கரைந்து போயிற்று. வினாயகமூர்த்தி இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார். "வாங்க டீச்சர்," என்று அவள் எனக்கு முன்னே உள்ளே போனாள். இறால் சொதியும் சோறும் போட்டாள், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிய அழகரத்தினம் ஈரத் துணியும் சந்தனக் கிண்ணமுமாக வந்தாராம். மீற்றர்க் கண்ணாடியை மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எங்க வைக்க என்று அவளைக் கேட்டாராம். அவள் ஸ்டியரிங்கின் நடுவில், ஹோர்ன் அமுக்குகிற இடத்தைக் காட்டியிருக்கிறாள். வைக்கும்போது கொஞ்சம் அழுத்திவிட்டார் போலும், களுதாவளை முழுக்க எழும்பியிருக்கிறது.

எனக்கும் அன்று ஆரையம்பதியில் தேத்தண்ணி பாதியில் இருக்கும்போதே ஹோர்ன் கேட்டது. சந்திக்குச் சந்தி அடித்தாள். ஏசி வானைப் பற்றி நிதுர்ஷன் வாயே திறக்கவில்லை, ஏறியதும் வைப்பரைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டான். மாட்டுக்கு அடித்தாள், ஆட்டுக்கு அடித்தாள், தன்பாட்டில் நின்ற கொக்குக்கும் அடித்தாள். பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது பார்த்தேன், ஸ்டியரிங்கில் பொட்டு இல்லை. சந்தனமும் குங்குமமும் முழுக்க அவளுடைய உள்ளங்கையில் இருந்தன.